சோழவரத்து ஓடுதளம்

சென்ற ஆண்டு காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சிய உருப்படிகளை விற்கும் கடையொன்றில், என் தாய்மாமாவுக்காக ஒரு டி-சர்ட் வாங்கினேன். நெஞ்சுப் பகுதியில் கோணல்மாணலான ஒரு கோட்டுப் படமும் அதன் கீழே 'சில்வர்ஸ்டோன்' என்ற சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன. திருப்பூரில் நாம் தைத்து அனுப்பும் பெயர்களில் பத்தில் ஒன்றுக்குக்கூட நமக்குப் பொருள் தெரியாது. நானும் தெரியாமல்தான் வாங்கினேன். மாமா அந்தக் கோட்டுப் படத்தை விரலால் ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது கார் ரேஸ் டிராக்குடா கண்ணு. நம்ம சோழாவரமும் இப்படித்தான், ஏரோப்ளேன் எறங்கின எடம். அது இன்னும் இருக்குதா?" என்று கேட்டார்.

மாமா கோவையில் ஒரு லேத் பட்டறையில் பிட்டராக இருந்தவர். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் சில முறை, பந்தய வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் பயணம் செய்து சோழவரம் போனவர். எங்கள் வீட்டில் இது பலமுறை சொல்லப்பட்டுப் பழகிப்போன கதை. பழகிய கதைகளை நாம் கவனித்துக் கேட்பதில்லை. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாதபோதுதான், இருபது ஆண்டுகளாக வகுப்பில் ஊர்ப்பெயர் ஆய்வு பற்றிப் பாடம் நடத்தும் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விளைவே இக்கட்டுரை.

*

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் வருவது சோழவரம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பல்லவபுரம் பல்லாவரம் ஆனதுபோல, 'புரம்' தேய்ந்து 'வரம்' ஆன ஊர்ப்பெயர்களின் வரிசையில் இதையும் வைத்துப் பார்க்கலாம். இன்று இந்தப் பெயரைச் செய்தித்தாளில் படிப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது ஏரிதான். பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஆகியவற்றோடு சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. அதன் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. கோடையில் நீர்மட்டச் செய்தியில் தவறாமல் இடம்பெறும் பெயர் அது.

ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் இந்தியாவெங்கும் வண்டிப் பித்துப் பிடித்தவர்களிடையே 'சோழவரம்' என்றால் ஏரியன்று, பந்தயம். அந்தப் பந்தயத்துக்கு இடம் தந்தது ஒரு போர்.

1942 ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9-ஆம் நாள் திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்ற அச்சத்தில் நகரம் காலியாகத் தொடங்கியது. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அஞ்சிய பெருந்தாக்குதல் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து குண்டு வீசிச் சென்றதோடு சரி. ஆனால் போர்க்காலத் தேவைக்காகத் தமிழகமெங்கும் ஓடுதளங்கள் எழுந்தன. சூலூர், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சோழவரம் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. சோழவரத்துக்குப் பக்கத்திலேயே, செங்குன்றம் ஏரியில், நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் 'கடலினா' வகை விமானங்கள் நின்றன.

போர் 1945-இல் முடிந்தது. ஓடுதளங்களுக்கு ஒவ்வொரு விதமான விதி வாய்த்தது. நம் சூலூர் இந்திய விமானப்படையின் தளமாக நிலைத்தது. அரக்கோணம் பின்னாளில் கடற்படையின் விமானத் தளமாயிற்று. உளுந்தூர்பேட்டை வெயிலில் காய்ந்து கிடந்தது. சோழவரத்துக்கு மட்டும் யாரும் திட்டமிடாத ஒரு மறுவாழ்வு கிடைத்தது.

*

இனி மாமாவின் டி-சர்ட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், 1943-இல் திறக்கப்பட்ட குண்டுவீச்சு விமானத் தளம். போர் முடிந்தபின் அங்கே வெறுமையாய்க் கிடந்த ஓடுதளங்களையும் அவற்றைச் சுற்றிய பாதையையும் கார்ப் பந்தயத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் கண்டது. 1948-இல் அங்கே பெரும்பந்தயம் நடந்தது. 1950 மே 13-ஆம் நாள், இன்று உலகமே பார்க்கும் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் பந்தயத் தொடரின் முதல் போட்டி அங்கேதான் நடைபெற்றது. அரசர் ஆறாம் ஜார்ஜ் நேரில் வந்து பார்த்தார்.

சோழவரமும் அதே போரின் பிள்ளை. அதே பத்தாண்டில் அதே வழியில் நடந்தது. 1950-களில் சென்னையைச் சேர்ந்த சில ஆர்வலர்கள் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை அமைத்து, சோழவரத்தில் பந்தயங்களை நடத்தத் தொடங்கினர். அவர்களுள் இந்து சந்தோக்கின் பெயர் குறிப்பிடத்தக்கது. அவருடைய பேரன் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வண்டி ஓட்டினார்.

ஓடுதளத்தில் பந்தயம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. தரை சமம், பாதை அகலம், கண்ணுக்கெட்டிய தூரம் நேர்கோடு. விமானத்தின் எடையைத் தாங்கப் போட்ட தரை, காரின் எடையைப் பொருட்படுத்தாது. ஆனால் அதே வசதியில் ஓர் இடரும் உண்டு. நேர்கோட்டில் எடுத்த வேகத்தையெல்லாம் கோடியில் வரும் வளைவில் ஒரே மூச்சில் அடக்க வேண்டும். விமானம் போகும் பாதையில் வளைவு கிடையாது. ஆகவே வளைவுகளை மனிதர்கள்தாம் டிரம்களையும் தடுப்புகளையும் வைத்து உண்டாக்க வேண்டும். "நேரா போறதுக்கு இஞ்சின் போதும் கண்ணு; திரும்பறதுக்குத்தான் பிரேக்கும் நெஞ்சும் வேணும்" என்பார் மாமா.

சோழவரம் சென்னைக்கு வடக்கே அமைந்தது தற்செயல்தான். ஆனால் வடசென்னை அந்த ஆண்டுகளில் இந்திய வண்டித் தொழிலின் தலைவாசலாக மாறிக்கொண்டிருந்தது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகித் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கியது. அதே திருவொற்றியூரில்தான் 1946-இல் பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலாக எம்.ஆர்.எஃப். பிறந்தது, அறுபதுகளில் அது டயர் நிறுவனமாயிற்று. லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே அவற்றின் திறனைக் காட்ட ஒரு களம் கிடைத்துவிட்டது.

அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்று பெயர்களுக்குள் நாட்டின் கார்கள் அடங்கிவிட்டன. வேகத்துக்கென்று செய்த வண்டியை வாங்குவது பெரும்பாலோர்க்கு இயலாத செயல். எனவே இருக்கும் வண்டியைப் பிரித்து, எடையைக் குறைத்து, இஞ்சினைத் திருத்திப் புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டியிருந்தது. செல்வந்தர் சிலர் மட்டும் வெளிநாட்டு வண்டிகளைக் கொண்டுவந்தனர். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா சோழவரத்தில் ஓட்டியது 'என்சைன்' என்ற ஃபார்முலா ஒன் வண்டி. அதே களத்தில் ஃபியட்டும் ஓடியது. புல்லட்டும் யெஸ்டியும் ஓடின. மாட்டுவண்டி போகும் கிராமத்துச் சாலை வழியாக உலகத்தின் அதிவேக வண்டியும் நம் ஊர் வாடகைக் காரின் உடன்பிறப்பும் ஒரே களத்துக்கு வந்து சேர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்.

*

இந்தக் கதையில் கொங்கு நாட்டுக்கு என்ன இடம்? பெரிய இடம்தான்.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. ஆலை இருந்தால் எந்திரம் பழுதாகும். பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறைக்கு லேத்தும் வார்ப்படச் சாலையும் வேண்டும். அங்கிருந்துதான் பம்பு செட்டும் மோட்டாரும் பிறந்தன. இங்கே திருப்பூரிலும் அதே வழக்கம்தான். வெளிநாட்டு நிட்டிங் எந்திரத்துக்கு உதிரிப்பாகம் வரும்வரை காத்திராமல், பக்கத்துப் பட்டறையில் கடைந்து மாட்டி மறுநாள் ஓட்டிவிடுவார்கள். இறக்குமதி இல்லாத காலத்தில் பந்தய வண்டி கட்டுவதற்கு வேண்டிய கைப்பழக்கம் இதுவேயல்லவா?

லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் இந்தக் கைப்பழக்கத்தையும் பஞ்சாலைப் பணத்தையும் ஒன்றுசேர்த்தவர். சோழவரத்தில் ஓட்டியவர், ஓட்டியதோடு நில்லாமல் வண்டிகளை வடிவமைத்தவர். எண்பதுகளின் இறுதியில் அவர் செய்த 'ஃபார்முலா மாருதி' வண்டிக்கு, 1983-இல் வெளிவந்த மாருதி 800-இன் 796 சி.சி. இஞ்சினே போதுமானதாக இருந்தது. பணக்காரர் மட்டுமே ஏறக்கூடிய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை, இந்தியாவில் கிடைக்கும் உதிரிப்பாகங்களைக் கொண்டே ஓரளவு எளிதில் கிட்டும்படி செய்ததுதான் அவருடைய சாதனை. 1995-இல் விமான விபத்தொன்றில் அவர் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

தென்னிந்திய ராலிப் பந்தயத்தைப் பலமுறை வென்ற கோவை ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நாராயண் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் பெரும்பாலான அணிகள் டயர்ச் சிக்கலால் விலகிக்கொள்ள, ஆறு வண்டிகளே ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அன்றைய தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து மாமா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "வண்டி ஓட்டினவங்க பேரு பேப்பர்ல வரும் கண்ணு. ராத்திரியெல்லாம் கியர் பாக்ஸைப் பிரிச்சுப் போட்டவன் பேரு எங்க வரும்?" அப்போது நான் சிரித்துவிட்டேன்.

*

சோழவரம் ஏன் முடிந்துபோனது? விடை மிக எளியது. அந்தத் தரை பந்தயச் சங்கத்துக்குச் சொந்தமானதன்று.

இரவல் தரையில் நிலையான எதையும் கட்ட இயலாது. பந்தயம் வரும்போது தடுப்புகளும் பந்தல்களும் வரும். பந்தயம் போனதும் அவையும் போகும். வண்டிகளின் வேகமோ ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் வந்த யமஹா, சுசுகி வகை மோட்டார் சைக்கிள்களோடு ஒப்பிட்டால் ஐம்பதுகளின் வண்டிகள் நடைபயணம் போனவைதாம். வேகம் கூடினால் காப்பும் கூட வேண்டும். வெறும் டிரம்களால் ஆகாது. ஆகவே சங்கத்தார் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் நீளப் பாதையை அமைத்தனர். 1990-இல் அது திறக்கப்பட்டது. சோழவரத்தின் கதை அத்தோடு முடிந்தது.

சில்வர்ஸ்டோனும் முதலில் குத்தகை நிலம்தான். 1952-இல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் சங்கம் குத்தகையை ஏற்றது. பின்னர் நிலத்தையே விலைக்கு வாங்கியது. வாங்கியதால் கட்டினார்கள், கட்டியதால் நிலைத்தது, நிலைத்ததால் அதன் படம் எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் திருப்பூர் டி-சர்ட்டில் அச்சாகிறது. ஒரே போரில் பிறந்த இரண்டு ஓடுதளங்களின் விதியும் பத்திரப்பதிவு அலுவலகத்தில்தான் பிரிந்தது.

கைவிடப்பட்ட விளையாட்டுக் களங்கள் உலகெங்கும் உண்டு. பொஸ்னியாவில் சரயேவோ நகருக்கு அருகே இக்மன் மலையில், 1984 குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்காகப் பனிச்சறுக்குத் தாவல் மேடைகளைக் கட்டினார்கள். மலைச்சரிவில் சறுக்கிவந்து காற்றில் தாவி, யார் தொலைவில் இறங்குகிறார்கள் என்று பார்க்கும் போட்டி அது. எட்டே ஆண்டுகளில் போர் மூண்டது. அந்த மலை போர்க்களமாயிற்று. விளையாட்டின் இடத்தைப் போர் எடுத்துக்கொண்டது. சோழவரத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. போரின் இடத்தை விளையாட்டு எடுத்துக்கொண்டது. மனித வரலாற்றில் அரிதாக நிகழும் நல்ல மாற்றம் இது. ஆயினும் இக்மனில் பிளந்த கான்கிரீட்டாவது எஞ்சி நிற்கிறது. காண்பவர் நின்று 'இது என்ன?' என்று கேட்க முடிகிறது. கேள்வி எழுப்பக்கூடிய இடிபாட்டைக்கூடச் சோழவரத்துப் பந்தயம் விட்டுச்செல்லவில்லை.

*

விடைத்தாள் திருத்தும் பணிக்காகச் சென்னை சென்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவரம் போனேன். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. பந்தயத்தைப் பற்றிய பெயர்ப்பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. தேநீர்க் கடையொன்றில் இருந்த முதியவரிடம் கேட்டேன். "ரேஸா? அந்த ரெண்டு நாளும் மாடுங்க ஒழுங்கா பால் குடுக்காது சார். அவ்ளோ சத்தம்" என்றார். வென்றவர் பெயர் ஏதேனும் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "அவங்க வருவாங்க, போவாங்க சார்" என்றார்.

அந்த விடையைத் திரும்பி வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ரேக்ளா பந்தயம் நடக்கிறது. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து ஓட்டுவார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது தடைப்பட்டபோது ஊர்கள் கொதித்தன. 2017-இல் சட்டத் திருத்தம் வந்தபோது கொண்டாடின. காரணம், ஓடுவது அந்த ஊர்க் காளை. ஓட்டுபவன் அந்த ஊர்ப் பிள்ளை. தோற்றால் தலைகுனிவது அந்த ஊர். சோழவரத்துக் கிராமத்தார்க்கோ பந்தயத்தில் கிடைத்த பங்கு சத்தமும் புழுதியும்தான். தரை ராணுவத்தின் போரால் வந்தது. வண்டி நகரத்திலிருந்து வந்தது. புகழ் ஆங்கில நாளிதழ்களுக்குப் போனது. தன்னுடையதாக இல்லாத ஒன்றை ஓர் ஊர் ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்?

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டால்கூடப் போதும். கோவை ரேஸ்கோர்ஸில் இன்று குதிரை ஓடுவதில்லை. நடைப்பயிற்சி செய்பவர்கள்தாம் சுற்றி வருகிறார்கள். ஆயினும் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் ஏதோ ஒரு குதிரை ஓடிமறைகிறது. சோழவரத்துக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப்பாதையில் விளக்கொளியில் இரவுப் பந்தயம் நடந்தது. அதைப் பார்த்த இளைஞர்களுள் எத்தனை பேருக்கு, இதே நகரத்தின் வடக்கே நாற்பதாண்டுக்காலம் வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன என்பது தெரிந்திருக்கும்?

ஊருக்குத் திரும்பியதும் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுஞ்சாலை, ஏரி, தேநீர்க் கடை, பால் கொடுக்காத மாடு. மாட்டுக் கதைக்குச் சிரித்தார். பிறகு ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடுகள் போடத் தொடங்கினார். இங்கேதான் லாரியை நிறுத்தினோம். இங்கே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு ஆக்கினோம். இந்த முனையில்தான் ஒருமுறை எங்கள் வண்டி சுழன்று நின்றது. இங்கே நின்றால் வண்டி வருமுன்பே சத்தம் வரும். பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதை அவர் சொல்லவேயில்லை.

நான் அந்தத் தாளில் தேதியிட்டு, அருகில் அவர் சொன்னவற்றை எழுதி, உடன் போன பட்டறைக்காரர்கள் நால்வரின் பெயரையும் கேட்டுக் குறித்துவைத்திருக்கிறேன். அந்நால்வருள் மாமாவைத் தவிர ஒருவர்தாம் இப்போது உயிரோடு இருக்கிறார். கல்வெட்டு வெட்டுவதற்குச் சோழவரத்தில் நமக்கு நிலம் இல்லை. ஆனால் காகிதம் இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம், "நீங்கள் வேலை செய்த இடம் இப்போது என்னவாக இருக்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நாம் கேட்பது நல்லது.